இல்லைன்னே வச்சுக்குங்க

"அப்போ இல்லைன்னே வச்சுக்குங்க" என்றார் அவர். "சரிங்க, நன்றி" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். பேசியது இரண்டு நிமிடம்கூட இருக்காது. அந்த 'வச்சுக்குங்க'வை எங்கே வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கர்ப்பத்தின்போது பிள்ளையின் செல்கள் சில தாயின் உடம்புக்குள் போய், பல ஆண்டுகள் தங்கிவிடுவதுண்டு. அவற்றைத் தேடுவதுதான் எங்கள் ஆய்வு. அவர் எங்கள் ஒப்பீட்டுக் குழுவில் இருந்தவர். ஒருமுறைகூடக் கருத்தரிக்காத பெண்களாகத் தேடித் தேடிச் சேர்த்த குழு அது. படிவத்தில் 'எத்தனை முறை கர்ப்பம்' என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டிருந்தார். அவருடைய ரத்த செல்களில் ஆண்களிடம் இருக்கும் ஒய் குரோமோசோமின் துண்டு இருக்கிறதா என்று, டி.என்.ஏ.வைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கிக் காட்டும் பிசிஆரில் பார்த்தேன். 12 குழிகள், குழிக்குச் சுமார் 10,000 செல்களின் டி.என்.ஏ. பதினொன்றில் ஒன்றுமில்லை. ஒரே ஒரு குழியில், 38-வது சுற்றில், அதுவரை தரையோடு படுத்திருந்த கோடு மெல்ல எழுந்தது. ஒரு லட்சத்து இருபதாயிரம் செல்லில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். (பாருங்கள், நானும் வைத்துக்கொள்கிறேன்.)

மகனின் செல்களைத் தேடுவதற்குக் காரணம் மகளின் செல்கள் தங்காது என்பதல்ல. ஒரு பெண்ணின் உடம்பில் ஒய் தெரிந்தால், அது அவருடையதல்ல என்று சட்டென்று சொல்லிவிடலாம், அவ்வளவுதான். மகனைப் பெற்று 27 ஆண்டு ஆன ஒரு தாயின் ரத்தத்திலும் அப்படிப்பட்ட செல்கள் இருந்ததை 1996-இல் டயானா பியாங்கியின் குழு காட்டியது. கர்ப்ப காலத்தில் செய்கிற ரத்தப் பரிசோதனையோடு இதைப் பலரும் குழப்பிக்கொள்வார்கள். அந்தப் பரிசோதனை பார்ப்பது பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியில், மிதக்கும் டி.என்.ஏ. துண்டுகளை. 1997-இல் டென்னிஸ் லோ குழு கண்டுபிடித்த அந்தத் துண்டுகள் பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து வருபவை, பிரசவத்துக்குப் பின் வெகு சீக்கிரம் மறைந்துவிடும். செல்கள் அப்படியல்ல, குடியேறிவிடும். முழுக்கர்ப்பம்தான் வேண்டும் என்றில்லை. கலைந்ததிலிருந்தும் தங்கலாம், வந்ததே தெரியாமல் போனதிலிருந்தும் தங்கலாம்.

அதனால் ஒய் தெரிந்தவர்களிடம் மட்டும் கர்ப்ப விவரத்தை இன்னொரு முறை கேட்க வேண்டும் என்பது எங்கள் விதி. அப்படித்தான் அந்த போன்.

"படிவத்துல கர்ப்பம் பூஜ்யம்னு இருக்கு மேடம், சரிதானே?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் எங்கோ ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவர்தான் எழுந்து போய்ச் சாத்தினாரா, தெரியாது.

"ஏன் கேக்குறீங்க?"

"எல்லார்கிட்டயும் கேக்குறோம்." இது முதல் பொய். நான்கு பேரிடம்தான் கேட்டோம்.

"ரத்தத்துல ஏதாவது தெரிஞ்சுதா?"

"இல்லங்க, வழக்கமான சரிபார்ப்புதான்."

"அப்போ இல்லைன்னே வச்சுக்குங்க."

'அப்போ' என்ற அந்த ஒரு சொல்தான் குடைகிறது. தெரிந்தது என்று நான் சொல்லியிருந்தால் வேறு பதில் வந்திருக்குமோ? இல்லை, வேலை நேரத்தில் போன் செய்து தொல்லை கொடுத்தவனிடம் சலிப்பாகச் சொன்னதா? இரண்டு விதமாகவும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இரண்டும் பொருந்துகிறது.

தனிநபர் முடிவுகளைத் தெரிவிக்க மாட்டோம் என்று ஒப்புதல் படிவத்தில் இருக்கிறது, அவரே கையெழுத்திட்டிருக்கிறார். ஆகவே நான் சொல்லாதது விதிப்படி சரி. ஆனால் விதி கேட்டது சொல்லாமல் இருப்பதை, 'இல்லை' என்று சொல்வதை அல்ல. "அதைச் சொல்ல முடியாதுங்க" என்றிருக்கலாம். அப்படிச் சொன்னால் அதுவே சொன்ன மாதிரி ஆகிவிடாதா? அவர் இரவெல்லாம் எதையோ நினைத்துக்கொண்டு படுத்திருப்பார். அவரைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னேன் என்று சில நாள் தோன்றும். உரையாடலைச் சீக்கிரம் முடிக்கத்தான் என்று சில நாள் தோன்றும்.

சொல்லியிருந்தாலும் எதைச் சொல்லியிருப்பேன்? அந்தச் செல் அவருடைய அண்ணனுடையதாக இருக்கலாம். அண்ணன் தாயிடம் விட்டுப்போனது, பிறகு வந்த தங்கைக்குப் போய்ச் சேர வழி உண்டு. கருவிலேயே மறைந்த இரட்டையினுடையதாக இருக்கலாம். எப்போதோ ஏற்றிய ரத்தமாகவும் இருக்கலாம்.

என்னுடையதாகவும் இருக்கலாம். இதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். இந்த வேலையைப் பெண்களே செய்வது எங்கள் வழக்கம், தோலிலிருந்து உதிரும் ஒரு துணுக்கு போதும் என்பதால். அன்று சக ஊழியர் விடுப்பு. ரத்தத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தது நான். இரண்டு கையுறை, முகக்கவசம் எல்லாம் போட்டிருந்தேன். வெளியிலிருந்து ஏதாவது கலந்ததா என்று பார்க்க வெறும் தண்ணீர் வைத்த குழிகள் சுத்தமாகத்தான் இருந்தன. ஆனாலும் 12-இல் ஒரு குழி என்றால், யாருடைய ஒய் என்று எந்தக் கோடும் சொல்லாது. என் தோல் துணுக்கை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் பழைய நாட்களைத் தட்டிக் கேட்டேனோ என்னவோ.

இறந்துபோன 59 பெண்களின் மூளையைச் சோதித்து, 37 பேரிடம் ஆண் டி.என்.ஏ.வைக் கண்டதாக 2012-இல் ஒரு கட்டுரை வந்தது. அவர்களில் பெரும்பாலோரின் கர்ப்ப விவரம் ஆய்வாளர்களுக்குத் தெரியாது. யாருக்கும் போன் செய்ய வேண்டியிருக்கவில்லை. அந்தக் கட்டுரையைத் திரும்பப் படிக்கும்போது பொறாமையாக இருந்தது, இப்படிச் சொல்வது அசிங்கம்தான்.

அவருடைய ரத்தம் இன்னொரு குப்பியில், மைனஸ் 80 டிகிரியில் இருக்கிறது. சக ஊழியர் புதிதாகப் பிரித்துப் பார்ப்பதாகச் சொன்னார். பார்த்து, எல்லாக் குழியும் காலியாக வந்தாலும் ஒன்றும் நிரூபணமாகாது, அந்த ஒரு செல் முதல் குப்பியோடு போயிருக்கலாம் என்றேன். உண்மைதான். வேண்டாம் என்றதற்கு அதுதான் காரணமா என்று அவர் கேட்கவில்லை.

எக்செலில் பூஜ்யத்தை அப்படியே விட்டேன். பக்கத்துக் குறிப்புக் கட்டத்தில் 'தொலைபேசியில் உறுதி செய்யப்பட்டது' என்று அடித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன். இனி மாற்ற முடியாதபடி தரவைப் பூட்டிய நாளில் அது அப்படியேதான் இருந்தது.