மிதந்த எலிகள்

நீச்சல் தொட்டியில் விட்டதும் கால்களை அசைக்காமல் அப்படியே மிதக்கும் எலிகளை என்ன செய்வது என்பதற்கு வயதானால் நினைவு எப்படி மாறுகிறது என்று பார்க்கும் எங்கள் ஆய்வுத் திட்டத்தில் விதி இருந்தது. குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் மிதந்தால் அந்த எலி கணக்கில் வராது. விதியை எழுதியவள் நான்தான். முதல் எலி தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே எழுதி வைத்தது. அதனால் குழப்பத்துக்கே இடமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

“மேடம், இதுக்கு வழி மறந்துபோச்சா, இல்ல நீந்தவே வேணாம்னு இருக்கா?” என்று என் மாணவி கேட்டாள்.

“அது நமக்குத் தெரியாது. அதனாலதான் எடுத்துடறோம்.”

“தெரியலைன்னா எடுத்துடலாமா?”

“விதி அப்படித்தான் இருக்கு.”

சரி மேடம் என்று சொல்லிவிட்டு எலியைத் துடைத்துக் கூண்டில் விட்டாள். வாக்குவாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சை இன்னும் மனதுக்குள் நடத்திக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என் பக்கம் கொஞ்சம் நீளமாகிறது.

என் பக்கம் இதுதான். ரிச்சர்ட் மோரிஸ் 1981-இல் இந்தத் தொட்டியைப் பற்றி எழுதியபோது அதில் நீந்தியவை பெரிய எலிகள். அவை நன்றாக நீந்தும். நாங்கள் பயன்படுத்துபவை சுண்டெலிகள். தண்ணீர் அவற்றுக்கு அவ்வளவு ஒத்துவராது. கலங்கிய நீருக்கு அடியில் மறைந்திருக்கும் மேடையை, சுவரில் உள்ள அடையாளங்களை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு மேடையை எடுத்துவிட்டு, எலி எந்தப் பக்கம் போய்த் தேடுகிறது என்று பார்ப்போம். தேடினால்தானே நினைவை அளக்க முடியும்? மிதக்கும் எலி தேடுவதில்லை. அது கிழடாக இருந்தால் உடல் சூடு சீக்கிரம் இறங்கியிருக்கலாம், மூட்டு வலிக்கலாம். அதையெல்லாம் மறதி என்று எழுதினால் பொய்.

அந்தப் பொய்யில் இந்தத் துறை விழக்கூடிய பள்ளங்கள் உண்டு. 1996-இல் வெளிவந்த டிஜி2576 என்ற, அல்சைமர் நோயை ஆராய நோய் மரபணு புகுத்தி உருவாக்கிய எலியின் வம்சத்தில் எஸ்ஜேஎல் என்ற இனமும் கலந்திருக்கிறது. விழித்திரையைச் சிதைக்கும் மரபணுப் பிறழ்வு அந்த இனத்தில் உண்டு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதை வாங்கிய குட்டிக்குச் சில வாரங்களில் பார்வை போய்விடும். சுவர் அடையாளமே தெரியாத அந்த எலி தொட்டியில் தடுமாறினால், சோதிக்காதவர் கண்ணுக்கு நினைவிழந்த எலியாகத்தான் தெரியும். மேடையைக் கண்ணுக்குத் தெரியும்படி வைத்து முதலில் பார்வையைச் சோதிப்பது இதற்காகத்தான். நீக்கும் விதிகளும் அப்படிப்பட்டவைதான். முடிவைப் பார்த்த பிறகு விதியைத் தளர்த்தினால் எதை வேண்டுமானாலும் நிரூபித்துவிடலாம்.

இதுவரை எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் இதற்கு அடுத்த படியில் வருகிறது.

அல்சைமர் நோயாளிகளிடம் மிகப் பரவலாகக் காணப்படும் நடத்தை மாற்றங்களில் ஒன்று ஆர்வமின்மை. சோகமோ சோர்வோ இல்லாமல்கூட எதையும் தொடங்கத் தோன்றாமல் உட்கார்ந்திருப்பது. வீட்டில் பார்த்துக்கொள்பவர்களைப் பல சமயம் மறதியைவிட இதுதான் அதிகம் வாட்டுகிறது. வயது ஏற ஏற மூளையின் ஸ்ட்ரையேட்டம் பகுதியில் டோபமைன் என்ற வேதிப்பொருளைப் பிடித்துக்கொள்ளும் டி2 ஏற்பிகள் குறைவதை மனிதர்களிடமும் எலிகளிடமும் கண்டிருக்கிறார்கள். ஒரு காரியத்துக்காக முயற்சி எடுக்கலாமா என்று மூளை கணக்குப் போடுவதில் டோபமைனுக்குப் பெரிய பங்கு உண்டு. அப்படியானால் அந்தக் கிழட்டு எலி மிதந்தது, முதுமை அதன் மூளையில் செய்த வேலையாகவே இருக்கலாம். முதுமையை அளக்கப் போன நான், ஒருவேளை அதிகம் முதுமையடைந்தவற்றை வெளியே அனுப்பியிருக்கிறேன்.

எங்களுடையவை நோய் மரபணு புகுத்தாத சாதாரண கறுப்பு எலிகள். 24 மாத வயது, மனிதக் கணக்கில் எழுபதை ஒட்டி வரும். அந்த வயதை எட்டியவையே அவற்றில் திடமானவை; முன்பே செத்துப்போனவை எங்கள் கணக்குக்கே வரவில்லை. எஞ்சியவற்றிலும் மிதந்தவற்றை எடுத்துவிட்டதும், முதிய குழு நினைவில் இளம் குழுவுக்கு அருகில் வந்து நின்றது. மனிதர்களை வருடக்கணக்கில் பின்தொடரும் ஆய்வுகளிலும் இதே கதைதான். முடியாதவர்கள் இடையில் நின்றுவிடுவார்கள், வந்து பரீட்சை எழுதுபவர்களை வைத்து முதுமை இவ்வளவுதான் என்று எழுதுவோம். (இதை நான் வகுப்பில் பாடமாகவே நடத்தியிருக்கிறேன்.)

அந்த மாணவி அப்புறம் இன்னொன்றும் கேட்டாள். நீக்கிய எலிகளின் மூளையும் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில்தான் இருந்தது. ஒரு பாதியிலிருந்து, நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியை எடுத்து, நினைவில் பங்குள்ள அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளை உருவாக்கும் நொதியை அளந்திருந்தோம். அசிடைல்கோலினை நேரடியாக அளப்பது கடினம். உயிர் போன கணத்திலிருந்தே அது சிதையத் தொடங்கிவிடும், அதனால்தான் நொதி. மறுபாதி தொடாமல் இருந்தது. அதிலிருந்து ஸ்ட்ரையேட்டத்தை எடுத்து, மிதந்தவற்றுக்கும் நீந்தியவற்றுக்கும் டோபமைனை ஒப்பிடலாமே என்றாள்.

வேண்டாம் என்றேன். முடிவைப் பார்த்த பிறகு தோன்றும் கேள்விக்கு எப்போதும் ஏதாவது ஒரு பதில் கிடைக்கும், அந்தப் பதிலுக்கு மதிப்பில்லை என்று விளக்கினேன். நான் சொன்னது சரிதான். ஆனால் இது பிற்பாடு தோன்றிய கேள்வி என்று தலைப்பிலேயே எழுதிவிட்டு அளந்திருக்கலாம். அதற்கு எந்த நெறியும் குறுக்கே நிற்காது. அதையும் அன்றே அறிவேன். பிறகு ஏன் மறுத்தேன்? மிதந்தவற்றில் டோபமைன் குறைந்திருந்தால் கட்டுரையின் மையமே ஆட்டம் காணும் என்ற பயமா? அப்படியில்லை என்றுதான் நினைக்கிறேன். திசு தீர்ந்துவிடும், வேறு வேலைக்குத் தேவைப்படும் என்றும் ஒரு காரணம் இருந்தது. அந்த வேறு வேலை இன்னும் வரவில்லை.

கட்டுரையை மதிப்பிட்டவர்கள் முதிய குழுவில் ஏன் எண்ணிக்கை குறைகிறது என்று கேட்டார்கள். முன்கூட்டியே எழுதிய விதியைக் காட்டினேன், திருப்தியாகிவிட்டார்கள். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அடுத்த ஆய்வுத் திட்டத்தில் மிதக்கும் நேரத்தையே ஓர் அளவாகச் சேர்த்திருக்கிறேன். நீக்கும் விதியையும் எடுக்கவில்லை. இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. புதிதாகச் சேர்ந்த மாணவன் அதைப் படித்துவிட்டு, “ஒண்ணுக்கொண்ணு இடிக்கலையா மேடம்?” என்றான். தொட்டித் தண்ணீரின் சூட்டைப் பார்த்துவிட்டு வா, அப்புறம் பேசலாம் என்று அனுப்பினேன்.