தேயிலைக்காட்டுப் பச்சை: வால்பாறை மழைக்கால நாட்குறிப்பு

ஜூன் 9, 2025

பருவமழை இந்த வாரம் நன்றாகப் பிடித்துக்கொண்டது. பிற்பகல் மூன்று மணிக்கே வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டியிருக்கிறது. குழிவிரியன் என்ற நச்சுப் பாம்புகளைத் தேடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. கோடையில் கல்லிடுக்கிலும் வேர்ப்பொந்திலும் ஒடுங்கிக் கிடப்பவை, தவளைகள் கத்தத் தொடங்கியதும் ஓடைக்கரைப் புதர்களில் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. எஸ்டேட் நிர்வாகத்திடம் அனுமதி வாங்கியிருந்தாலும், இரவு நடைக்குக் கிளம்பும் முன் கம்பத்தில் சிவப்பு விளக்கு மினுக்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவோம். மினுக்கினால் பக்கத்தில் யானை நிற்கிறது என்று பொருள், அன்றைக்கு நடை கிடையாது. பாம்பு தேடப் போகிறவனுக்கு இந்த ஊரில் முதல் ஆபத்து பாம்பு அல்ல.

இன்று விளக்கு எரியவில்லை. சோலைக்காட்டை ஒட்டிய ஓடையின் மேல், இடுப்பு உயரக் கிளையொன்றில், ஆனைமலைக் குழிவிரியன் ஒன்று சுருண்டு கிடந்தது. இது பழுப்பும் மஞ்சளும் கலந்து, பாசி படிந்த மரப்பட்டை போலவே இருந்தது. இதே இனத்தில் பச்சை, ஆரஞ்சு, கரும்பழுப்பு என்று பல நிறங்கள் உண்டு என்பதால், நிறத்தை மட்டும் நம்பிப் பெயர் சொல்லிவிட முடியாது. 1854-இல் இயற்கையியலாளர் ஜெர்டன் விவரித்த மலபார் குழிவிரியன் என்றே நெடுங்காலம் இதையும் எழுதி வந்தோம். 2021-இல் வெளியான ஆய்வுக்குப் பிறகு, பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உள்ளவை தனி இனமாகப் பிரிக்கப்பட்டுள்ளன.

ஜூன் 12

அதே கிளை, அதே பாம்பு. தலை மட்டும் ஓடைப்பக்கம் திரும்பியிருக்கிறது. இரை தன்னைத் தேடி வரும்வரை நாள்கணக்கில் இடத்தை விட்டு அசையாமல் காத்திருப்பதுதான் இவற்றின் வேட்டைமுறை. அதனால், ஒருமுறை கண்ட இடத்துக்குச் சில நாள் கழித்துப் போனாலும் பெரும்பாலும் ஏமாற்றம் இருக்காது.

மூன்று முழத் தூரத்திலிருந்து, மங்கலான வெளிச்சத்தில், தொலைநோக்கி வழியாகத் தலையை வெகுநேரம் பார்த்தேன். கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் நடுவில், மூக்குத்துளையைவிடப் பெரிதாக, ஒரு குழி. அதனுள்ளே இழுத்துக் கட்டப்பட்டிருக்கும் மெல்லிய சவ்வு, எதிரிலுள்ள உயிரின் உடல் வெப்பத்தை உணர்ந்து மூளைக்குச் சொல்கிறது. எலியென்றால் இது எளிதில் விளங்குகிறது. தவளையைப் பிடிக்க இந்தக் குழி எப்படி உதவுகிறது என்பது பலர் கேட்கும் கேள்வி. ஈரத்தோலிலிருந்து நீர் ஆவியாவதால் தவளை சுற்றுப்புறத்தைவிடச் சற்றுக் குளிர்ந்திருக்கும், அந்த வேறுபாடே போதுமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. மழை வலுத்தபோது பாம்பு தலையைத் தாழ்த்தி, தன் சுருள்களுக்கிடையே தேங்கிய நீரையே உறிஞ்சிக் குடித்தது. அட்டைக்கடியை மறந்து நின்ற நேரம் அதுதான்.

ஜூன் 17

இன்று தேடிப்போகாமலே கிடைத்தது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர், "சார், பச்சை ஒண்ணு கெடக்கு, கிட்ட வந்துடாதீங்க" என்று கையை உயர்த்திக் கூப்பிட்டார். தேயிலைச் செடியின் மேற்பரப்புக்கு அரை முழம் கீழே, தளிரின் நிறத்திலேயே, பெருஞ்செதில் குழிவிரியன். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இந்தப் பாம்பை 1862-இல் முதலில் விவரித்தவர் பெட்டோம். சென்னை மாகாண வனத்துறை அதிகாரியாக இருந்த அவருக்கு இந்த ஆனைமலைக் காடுகள் நன்கு பழக்கமானவை. மற்ற குழிவிரியன்களின் தலையில் பொடிப்பொடியாகச் செதில்கள் இருக்க, இதற்கு மட்டும் ஓடு வேய்ந்தாற்போலப் பெரிய செதில்கள். உடலின் நடுப்பகுதியில் 12 முதல் 15 வரிசைகளே உண்டு, ஆனைமலைக் குழிவிரியனுக்கு அது பெரும்பாலும் 21.

அரிய பாம்பு என்று எழுதும்போதெல்லாம் எனக்கு ஒரு தயக்கம் வருகிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதைக் காண ஒரு பருவம் முழுக்க அலைகிறார்கள். பகலெல்லாம் அதே செடிக்குள் கையை விட்டு வேலை செய்கிறவர்களுக்கோ அது மழைக்காலத்து வழக்கமான தொல்லை. உலக வரைபடத்தில் அதன் வாழிடம் சிறியது என்பது உண்மை, ஆனால் அந்தச் சிறிய இடத்துக்குள்தான் இவர்களுடைய பிழைப்பும் இருக்கிறது.

ஜூன் 18

நேற்றைய பாம்பு பற்றிப் பேசும்போது, கடித்தால் ஊசி இருக்கிறதல்லவா என்று மேஸ்திரி கேட்டார். நேரடியான பதில், இல்லை என்பதுதான். இந்தியாவில் கிடைக்கும், பல பாம்புகளின் கடிக்கும் பொதுவான விஷமுறிவு மருந்து, நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சை மட்டுமே கொண்டு தயாராகிறது. அந்த நஞ்சின் பெரும்பகுதி, 1978-இல் தொடங்கப்பட்டு மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. குழிவிரியன்கள் அந்த நான்கில் இல்லை. ஆனைமலைக் குழிவிரியனும் பெருஞ்செதில் குழிவிரியனும் கடித்தால் பெரும்பாலும் கடும் வலி, வீக்கம் என்ற அளவில் நின்றுவிடும். ஆனால் தரையில் சருகோடு சருகாகக் கிடக்கும் கூன்மூக்குக் குழிவிரியனின் கடி சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. கேரளத்திலும் இலங்கையிலும் அதனால் இறப்புகளும் நேர்ந்துள்ளன.

பயன்படாத மருந்தை ஏற்றுவதால் நன்மை இல்லாததோடு, அதன் ஒவ்வாமையே உயிருக்கு ஆபத்தாகலாம். ஆகவே கடித்தது எது என்று மருத்துவருக்குத் தெரிவது இங்கே சமவெளியைவிட முக்கியம். அதற்காகப் பாம்பை அடித்து எடுத்துப் போகத் தேவையில்லை, தூரத்திலிருந்து எடுத்த கைபேசிப் படம் போதும். மோதிரம், வளையலைக் கழற்றி, கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு வண்டியேற வேண்டும். கட்டுப் போடுவதும் கீறிவிடுவதும் கூடாது. மருத்துவமனையில் கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். எளிய சோதனைதான், ஆனால் விரியன் கடியில் அதைப் பொறுத்தே அடுத்த முடிவு அமையும்.

ஜூன் 24

பொள்ளாச்சிச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில், வண்டிச் சக்கரம் ஏறிய பவளப்பாம்பு. முதுகு பழுப்பு, அதில் நீளவாக்கில் கருங்கோடுகள். புரண்டு கிடந்ததால் அடிவயிறு முழுவதும் குங்குமச் சிவப்பாகத் தெரிந்தது. மண்ணுக்குள்ளும் சருகுக்கடியிலும் வாழ்ந்து, பிற பாம்புகளைத் தின்னும் இது, நல்லபாம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. உயிருடன் காண்பவர் மிகச் சிலர். நான் இறந்ததைத்தான் கண்டேன். இடம், உயரம், நேரம் குறித்துக்கொண்டு, படமெடுத்து, உடலைப் புல்லோரம் நகர்த்திவிட்டேன்.

ஜூன் 29

ஓடைக்கிளை வெறுமையாக இருந்தது. கிளையைச் சுற்றியிருந்த சிறு குச்சிகள் கத்தரியால் வெட்டப்பட்டிருந்தன. வெட்டு புதிது. இலையும் குச்சியும் மறைக்காத படம் வேண்டி யாரோ சீர்திருத்தியிருக்கிறார்கள். பாம்பைத் தொடவில்லை என்று அவர்கள் சொல்லக்கூடும், ஆனால் அதன் மறைவைத் தொட்டிருக்கிறார்கள். ஆனைமலைக் குழிவிரியனுக்கு மறைவுதான் வேட்டைக் கருவி, பருந்துக்குத் தப்பும் வழியும் அதுவே. இந்தக் குறிப்புகளில் எஸ்டேட்டின் பெயரும் ஓடையின் பெயரும் இல்லாததற்குக் காரணம் கேட்டவர்களுக்கு இதுவே பதில்.

ஜூலை 3

காலையில் மஸ்டருக்குப் போயிருந்தேன். வேலைக்குப் பெயர் கொடுக்கும் அந்தக் கொட்டகைச் சுவரில் நச்சுப் பாம்புகளின் சுவரொட்டி ஒன்று பல ஆண்டுகளாக ஒட்டியிருக்கிறது. அதில் இருப்பவை எல்லாம் தலைகள். முக்கோணத் தலையும் நெட்டுக்கோடான கண்மணியும் இருந்தால் குழிவிரியன், கூர்மூக்கும் கிடைக்கோடான கண்மணியும் இருந்தால் கண்கொத்திப் பாம்பு என்று விளக்கமும் உண்டு. பாடமாகப் பார்த்தால் குறையே இல்லை.

என்னைக் கூப்பிட்டுக் காட்டிய அதே அக்கா அதைப் பார்த்துச் சிரித்தார். "தலையைக் காட்டிக்கிட்டா சார் உட்கார்ந்திருக்கும்? எங்க கண்ணுல படறது நடு உடம்பும் வாலுந்தான். அதை வெச்சு எது எதுன்னு சொல்லுங்க."

சொல்ல முடியும். கண்கொத்தியின் உடல் கொடிபோல ஒல்லியாக, வழவழப்பாக இருக்கும், வால் மிக நீளமாகப் போய்க்கொண்டே இருக்கும். பெருஞ்செதில் குழிவிரியனோ தடித்த உடல், தனித்தனியாக எண்ணிவிடக்கூடிய சொரசொரப்பான செதில்கள், கிளையைச் சுற்றிக்கொள்ளும் குட்டை வால். அந்தச் சுவரொட்டிக்குப் பக்கத்தில் ஒட்ட, நண்பர் ஒருவரின் படத்தொகுப்பிலிருந்து, தலை இலைக்குள் மறைந்திருக்கும் படங்களாகவே இரண்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். மழையில் ஊறாதபடி லேமினேட் செய்யப் பொள்ளாச்சிக்குக் கொடுத்துவிட்டிருக்கிறது, திங்களன்று பேருந்தில் வந்துவிடும்.