மாத்தளை வீட்டுக் கொல்லையில் உடும்பு

புதுக்கோட்டைப் பக்கம் பிறந்து வளர்ந்த எனக்கு உடும்பு என்றால் ஒரே உடும்புதான். கண்மாய்க் கரையிலும் கரையான் புற்றோரத்திலும் திரிகிற மண்ணிறத்து உடும்பு. அதில் எது என்ன வகை என்று பார்த்துச் சொல்ல வேண்டிய தேவையே அங்கே வந்ததில்லை. கல்யாணமாகி மாத்தளைக்கு வந்த பிறகுதான் வந்தது. தமிழ்நாட்டில் இல்லாத நீர் உடும்பு இலங்கையில் தாராளமாக இருக்கிறது. இந்தியாவில் அதைப் பார்க்க ஒடிசாவின் பிதர்கனிகாவுக்கோ சுந்தரவனத்துக்கோ அந்தமானுக்கோ போக வேண்டும். இங்கே வீட்டுக் கொல்லைக்கே வருகிறது.

மாத்தளையை மலையகத்தின் வாசல் என்று சொல்லலாம். தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே ரத்தோட்டை, எல்கடுவை என்று ஏற வேண்டும். நாங்கள் இருப்பது கீழே, கடல் மட்டத்திலிருந்து 360 மீட்டர் அளவில். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து இறங்கி வந்த என் மாமனார் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய நிலம் இது. பலா, கொக்கோ, சாதிக்காய், மிளகுக்கொடி ஏற்றிய கிளிசரிடியா மரங்கள் எல்லாம் கலந்து நிற்கும். கொல்லையின் கீழ்க்கோடியில் ஓர் ஓடை. அது போய்ச் சுது கங்கையில் சேர்கிறது. இவ்வளவு ஈரமும் நிழலும் கண்டு பழகாத எனக்கு முதல் சில மாதங்கள் கொல்லைப் பக்கம் போகவே தயக்கமாக இருந்தது. காய்ந்த சருகுக்குள் என்ன அசைகிறது என்று தெரியாது. தெரியாத இடத்தில் எல்லாச் சத்தமும் பெரிதாகவே கேட்கும்.

அப்படி ஒரு காலையில் பலா மரத்தடியில் சருகைப் பறித்துக்கொண்டிருந்தது அது. தலையிலிருந்து வால் நுனி வரை என் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. முன்காலால் சருகை இழுத்துத் தள்ளும், பிளவுபட்ட நாக்கை நீட்டி மண்ணைத் தடவும், மூக்கை உள்ளே நுழைத்து எதையோ கவ்வி விழுங்கும். அந்த நாக்கு மோப்பம் பிடிப்பதற்கு. வாசனைத் துகள்களை நாக்கு எடுத்துப்போய் மேலண்ணத்தில் உள்ள உறுப்பில் சேர்க்கிறது. நான் அசையாமல் நின்ற வரைக்கும் அது என்னைப் பொருட்படுத்தவில்லை.

மாமி வந்து எட்டிப் பார்த்தார். "கதவச் சாத்து பிள்ளை, அது கபரகொய்யா. வீட்டுக்குள்ள வந்தா குடும்பத்துக்கு ஆகாது" என்றார். மிளகு பறிக்க வந்திருந்த தம்பி ஏணியிலிருந்தபடியே, "இல்லங்க மாமி, இது தலகொய்யா, நல்ல கறி" என்றான். அவன் குரலில் இருந்த உற்சாகம் எனக்குப் பிடிக்கவில்லை.

இலங்கையில் நீர் உடும்பைக் கபரகொய்யா என்றும், நம் ஊர் நில உடும்பைத் தலகொய்யா என்றும் சொல்கிறார்கள். சிங்களப் பெயர்கள்தான், ஆனால் மலையகத்தில் தமிழர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். கபரகொய்யா மேல் பயம் அதிகம். அதன் கொழுப்பு கொடிய நஞ்சு என்றும், அது வீட்டுக்குள் நுழைந்தால் நோய் வரும் என்றும் பழைய நம்பிக்கை. அந்தப் பயமே பல இடங்களில் அதைக் காப்பாற்றியிருக்கிறது. தலகொய்யாவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதன் இறைச்சி ருசி என்பார்கள். நாக்கை விழுங்கினால் பிள்ளைக்குப் பேச்சுவன்மை வரும் என்பார்கள். ஆகவே என் கொல்லையில் நின்ற பிராணி எது என்பதைப் பொறுத்து, அதை விரட்டுவதா பிடிப்பதா என்று மற்றவர்கள் முடிவு செய்துகொண்டிருந்தார்கள். எதுவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள் என்று சொல்ல, வந்த இடத்தில் எனக்கு இன்னும் வாய் வராத காலம் அது. கைபேசியில் படம் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அன்று மாலை அந்தப் படத்தைப் பக்கத்து வீட்டு மாத்தயாவிடம் காட்டினேன். சிங்களத்தில் மாத்தயா என்றால் ஐயா. பேராதனைப் பூங்காவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம். என் சிங்களம் அதைவிடக் கொஞ்சம். அவர் நிறத்தையும் பார்க்கவில்லை, வாலையும் பார்க்கவில்லை. படத்தைப் பெரிதாக்கித் தலையை மட்டும் பார்த்தார். பிறகு தன் மூக்கு நுனியைத் தொட்டு "கபரகொய்யா" என்றார். விரலை மேலே நகர்த்தி, கண்ணை நெருங்கும் இடத்தில் வைத்து "தலகொய்யா" என்றார். இரண்டு முறை தொட்டுக் காட்டியதில் எல்லாம் விளங்கிவிட்டது.

நீர் உடும்புக்கு மூக்குத்துவாரம் முகத்தின் நுனிக்குப் பக்கத்தில் இருக்கும், வட்டமாக. தண்ணீரில் மிதந்தபடி மூக்கு நுனியை மட்டும் வெளியே வைத்து மூச்சுவிட வசதி. நில உடும்புக்கு அது நுனியிலிருந்து நன்றாகப் பின்தள்ளி, சாய்வான கீறலாக இருக்கும். என் படத்தில் இருந்தது சாய்வுக் கீறல். தலகொய்யாதான்.

நிறத்தை நம்பினால் குழப்பம்தான் மிஞ்சும். கபரகொய்யாவின் கருத்த உடம்பில் மஞ்சள் புள்ளிகளும் பட்டைகளும் உண்டு. குட்டியில் அவை பளிச்சென்று தெரியும், வயதாக ஆக மங்கும். சேற்றில் புரண்டு வந்த கிழட்டுக் கபரகொய்யா வெறும் சாம்பல் கருப்பாகத்தான் இருக்கும். மறுபக்கம், தலகொய்யாக் குட்டியின் உடம்பிலும் வெளிர்புள்ளிகளும் கருங்கோடுகளும் இருக்கும். ஆகவே புள்ளி இருந்தால் கபரகொய்யா என்று சொல்லிவிட முடியாது. அளவும் அப்படித்தான். நில உடும்பு ஒன்றே முக்கால் மீட்டர் வரை வளரும்; நீர் உடும்பு அதைத் தாண்டியும் போகும், கண்டியில் அளந்த ஒன்று 3.21 மீட்டர் என்று பதிவாகியிருக்கிறது. ஆனால் நடுத்தர அளவில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மூக்கு மட்டும் எந்த வயதிலும் மாறுவதில்லை.

தலகொய்யா என்று தெரிந்ததும் எனக்கு வந்தது பெரிய சந்தோஷம். காரணம் இருக்கிறது. கஞ்சிரா என்கிற சின்னத் தோல் வாத்தியத்தைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் எங்கள் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை. பலாமரச் சட்டத்தில் இழுத்து ஒட்டுகிற அந்தத் தோல் இந்த நில உடும்பின் தோல்தான். எங்கள் தெருவில் கஞ்சிரா வாசித்த மாமா ஒருவர் தோலின் உட்பக்கம் தண்ணீர் தடவிச் சுருதி இறக்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தோலின் மேல் சின்னச் சின்னச் செதில் தடங்கள் வரிசை வரிசையாக இருக்கும். அதே வரிசையைப் படத்தில், உயிரோடு இருக்கிற கழுத்தில் பார்த்தேன். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு உடும்பைப் பிடிப்பது இந்தியாவில் குற்றம்; இப்போது ஆட்டுத்தோலிலும் செயற்கைத் தோலிலும் கஞ்சிரா வருகிறது. அது சரியான மாற்றம் என்றே நினைக்கிறேன். நாதம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

இங்கும் சட்டம் காக்கிறது. 1937இல் வந்த விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி இரண்டு உடும்பையும் கொல்லவோ பிடிக்கவோ கூடாது. மிளகுத் தம்பியிடம் இதை என் கணவர் சொன்னார். நான் சொல்லியிருந்தால் கேட்டிருப்பானோ தெரியாது. ஊருக்குப் புதிதாக வந்தவள் சொல் எடுபடக் காலம் பிடிக்கும். சருகுக்குள் இருக்கிற வண்டையும் புழுவையும் நத்தையையும் அது தின்கிறது, மிளகுக்கு நல்லதுதான் என்று அவர் சேர்த்துச் சொன்னது அவனுக்குப் பிடித்துப்போனது.

அப்புறம் கபரகொய்யாவும் வந்தது. மழை நின்ற ஒரு மத்தியானம், ஓடையோரம் நாங்கள் மீன் கழுவுகிற கல்லருகே செதிலையும் குடலையும் விழுங்கிக்கொண்டிருந்தது. இந்த முறை மாமியே முதலில் பார்த்தார். நான் மூக்கைப் பார்த்தேன்: நுனியில். ஆள் அசைந்ததும் அது மரத்துக்கு ஓடவில்லை, நேரே தண்ணீரில் இறங்கியது. கால்களை உடம்போடு ஒட்டவைத்து, பக்கவாட்டில் தட்டையான வாலை அலைத்துக்கொண்டே வளைவுக்கு அப்பால் போய்விட்டது. தலகொய்யா பயந்தால் பெரும்பாலும் மரத்தில் ஏறும், அல்லது பொந்தில் புகும். மாமி கதவைச் சாத்தச் சொல்லவில்லை. மீன் கழிவை இனிமேல் குழி தோண்டிப் புதைக்கலாம் என்றார், அவ்வளவுதான்.

மேலே நுவரெலியாவில் வேலை பார்க்கும் கொழுந்தனார், அங்கே குளிரில் இரண்டையுமே பார்த்ததில்லை என்கிறார். கண்டி ஏரிக்கரையில் கபரகொய்யாவை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

மலையகத்தின் தாழ்ந்த பகுதிகளில் புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உடும்பைக் கண்டால் தலையைப் பக்கவாட்டில் படம் எடுங்கள். முதுகையும் வாலையும் எவ்வளவு எடுத்தாலும் சந்தேகம் தீராது. கிட்டப் போகாதீர்கள், வழியை மறிக்காதீர்கள். மூலையில் மாட்டிக்கொண்டால் சீறும், வாலைச் சுழற்றி அடிக்கும், கடித்தால் காயம் சீழ் பிடிக்கும். நாயைக் கட்டி வையுங்கள். இரண்டுமே பகலில் திரிகிறவை, இரண்டுக்குமே முட்டை பிடிக்கும். ஆகவே கோழிக்கூட்டுக்கு அடிப்பக்கமும் சேர்த்துக் கம்பிவலை அடித்து, முட்டையை இட்டவுடனேயே எடுத்துவிடுங்கள்.