மூன்றாம் தவணையும் பனையோலையும்

யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் செப்டெம்பரில் தொடங்கும் மூன்றாம் தவணை எப்போதும் மழையோடு போட்டிபோடும் தவணை. ஆவணி வெயில் தணிந்திராது, ஐப்பசி மழை வந்திராது. அந்த இடைவெளிக்குள் வேலி அடைக்க வேண்டும், கிடுகு மாற்ற வேண்டும், பனம்பழக் களியிலிருந்து பனாட்டுப் போட்டுக் காயவைக்க வேண்டும், நெல்லுக்கு நிலத்தைப் புழுதியாக்க வேண்டும். பனையோலையில் பெட்டி இழைக்கும் எங்கள் கைப்பணி வகுப்பும் இந்த அவசரத்துக்குள்ளேதான் நடந்தது. வாணி விழாவுக்குக் கண்காட்சி மேசை நிரம்ப வேண்டும். மழை பிடித்துவிட்டால் ஓலை காயாது. அந்த நாட்களில் பள்ளியிலும் ஊரிலும் கைகள் செய்த வேலைகளை, செய்யத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே இந்தச் சிறப்பு மலரில் பதிந்து வைப்பது நல்லது.

பெட்டி இழைக்கக் குருத்தோலைதான் வேண்டும். முற்றிய ஓலை வேலிக்கும் கூரைக்கும் உதவும், மடித்தால் வெடிக்கும். ஒரு பனை மாதத்துக்கு ஏறக்குறைய ஓர் ஓலைதான் விடும். அதனால் ஒரே மரத்தில் திரும்பத் திரும்பக் குருத்து எடுக்கக் கூடாது, மரம் நலிந்துவிடும். வெட்டிய குருத்தை விரித்து இரண்டு மூன்று நாள் வெயிலில் போட்டால் பச்சை போய் வெளிறும். இரவில் முற்றத்திலேயே விட்டால் பனி பட்டுத் துவளும். விடியற்காலையில் அந்தப் பதத்தோடு சுருட்டி வைப்பார்கள். பிறகு சத்தகம் என்ற சிறு கத்தியால் ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் நீள வார்களாக வார வேண்டும். ஒரு வார் மற்றதைவிடச் சிறிது அகலமாக இருந்தாலும் அந்தக் கோணல் பெட்டியின் விளிம்புவரை தொடரும். வாருவதில் பொறுமை காட்டாதவருக்கு இழைப்பதில் அழகு வராது.

இழைக்கும்போது ஓலை ஈரத்துணியில் சுற்றிய பதத்தில் இருக்க வேண்டும். தண்ணீரில் ஊறப்போட்டு இழைத்தால் அன்றைக்கு இறுக்கமாகத்தான் தெரியும். காய்ந்ததும் வார் சுருங்கி, பின்னலின் கண்ணுக்குக் கண் வெளிச்சம் தெரியும். அதிகம் உலர்ந்திருந்தாலோ மடிப்பில் கிழியும்.

சிறிய பெட்டி ஒன்றுக்கு அரை அங்குல அகலத்தில் 16 வார் நெடுக்காகவும் 16 வார் குறுக்காகவும் போதும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று பின்னினால் 8 அங்குலச் சதுரம் வரும். புதிதாகப் பழகுபவர் அந்தச் சதுரத்தின் மூலைகளே பெட்டியின் மூலைகள் என்று நினைத்து அங்கே மடிப்பார்; பெட்டி எழும்பாது. பெட்டியின் மூலை சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் 16 வாரையும் எட்டு எட்டாகப் பிரித்து, நடுவிலுள்ள எட்டாவதையும் ஒன்பதாவதையும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே போட்டு இறுக்கினால் அந்த இடம் கூம்பி எழும்பும். வலப்பக்க வார்கள் இடப்பக்கத்துக்கும் இடப்பக்க வார்கள் வலப்பக்கத்துக்கும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு ஏறும். நான்கு பக்கமும் இப்படி ஏறியபின் பழைய சதுரத்தின் மூலைகள் சுவர்களின் நடுவுக்கு வந்துவிடும். அடியின் பக்கம் ஐந்தரை அங்குலத்துக்குச் சற்று மேல் நிற்கும். வார்கள் சாய்வாக ஓடுவதால்தான் நம் பெட்டிகள் கையில் கொஞ்சம் நெளிந்து கொடுக்கின்றன, உடைவதில்லை.

முதல் மூலையை இறுக்கியே கட்டவேண்டும். அங்கே துளை விழுந்தால் பிறகு இழுத்துச் சரிசெய்ய முடியாது, பிரித்துத்தான் ஆகவேண்டும். எட்டும் எட்டும் என்று பிரிக்காமல் ஏழும் ஒன்பதுமாகப் பிரித்தால் பெட்டி ஒரு பக்கம் சாயும். வார் முடிந்துபோனால் புதியதைப் பழையதன் மேல் இரண்டு மூன்று கண் சேர்த்து ஓடவிட்டுத் தொடரலாம். வேண்டிய உயரம் வந்ததும் நுனிகளை வெளியே மடித்து, அடியை நோக்கித் திருப்பிச் செருகினால் இரட்டைச் சுவராகும். மூடிக்கு அதே எண்ணிக்கைதான், வார்கள் மட்டும் ஒரு மயிரிழை அகலமாக இருக்கட்டும். கடகம் என்ற பெரிய பெட்டி வேறு வேலை: உள்ளே ஓலை, வெளியே மட்டை நார், விளிம்பும் நாரால் பொத்தியது. அதைப் பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுப்பதில்லை.

பள்ளி விட்டு ஒழுங்கைகளால் நடந்தால் இரண்டு பக்கமும் வேலி அடைப்புத்தான். மிதித்துத் தட்டையாக்கி அடுக்கிய பனையோலையை, வேலிக் கால்களாக ஊன்றிய கதியால்களுக்குச் சாத்தி, வரிச்சு என்ற குறுக்குத் தடி வைத்துக் கட்டுவார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். குத்தூசியில் கயிறு போய்ப் போய் வரும். முகம் தெரியாமலே ஊர்க்கதை முழுவதும் அங்கே நடக்கும். பட்டுப்போன கதியாலுக்குப் பதில் புதுப் பூவரசு, கிளுவை, முள்முருக்குத் தடிகளை ஊன்றுவதும் இப்போதுதான். அடுத்து வரும் மழையில் வேர்பிடித்துவிடும். கழற்றிய பழைய ஓலையும் வீண்போகாது, தோட்டத்தில் தாழ்த்தால் பசளை.

வளவுகளில் பனம்பழ வாசம் தூக்கும். விடியற்காலையில் பொறுக்கிய பழத்தைக் கழுவி, மூடியையும் கறுத்த தோலையும் நீக்கி, கொட்டைகளைப் பிரித்து, சிறிது தண்ணீர் தெளித்துப் பிசைந்து களி எடுப்பார்கள். அதை வடித்து, பந்தலில் விரித்த பாயில் மெல்லிதாகப் பூசுவார்கள். அது காய்ந்தபின் அடுத்த பூச்சு. கீழ்ப்பூச்சு காயுமுன் மேலே ஊற்றினால் உள்ளே புளித்துப் பூஞ்சணம் பிடிக்கும். பனாட்டுப் போடுகிறவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது இதனால்தான்.

பிசைந்த கொட்டைகள் பனங்கிழங்குக்காகப் பாத்திக்குப் போகும். ஒன்றரை அடி உயரத்துக்கு மணலைக் கூட்டி, மேலே கொட்டைகளை நெருக்கி அடுக்கி, மண்ணால் மூடுவார்கள். கொட்டையிலிருந்து வரும் முளை முதலில் கீழ்நோக்கித்தான் இறங்கும். இறுகிய நிலத்தில் அது வளைந்துபோய்க் கிழங்கு கோணலாகும், கிண்டும்போது முறியும். மேட்டுப் பாத்தியின் தேவை அதுதான். மழைத் தண்ணீரும் அடியில் தேங்காது. தையில் கிண்டலாம். பிந்தினால் கிழங்கில் நார் ஏறும். முளைத்த கொட்டையைப் பிளந்து, உள்ளே இருக்கும் பூரான் என்ற வெள்ளைப் பருப்பை எடுப்பது பிள்ளைகளுக்கு விட்ட பங்கு.

புலம்பெயர்ந்த வீடுகளில் ஊரிலிருந்து வந்த பெட்டி குளிர்காலத்தில் வெடித்துப்போகிறது என்று பலரும் சொல்வார்கள். குற்றம் பெட்டியில் இல்லை. வீட்டைச் சூடாக்கும்போது காற்று வறண்டு, ஓலையில் இருக்கும் பதமும் போய்விடுகிறது. ஹீற்றருக்குப் பக்கத்தில் வைக்காமல், இடைக்கிடை ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலரவிட்டால் நீண்டகாலம் இருக்கும். ஈரத்தோடு மூடிவைத்தால் பூஞ்சணம்.

பிள்ளைகளுக்கு இழைப்புப் பழக்க ஓலைக்காகக் காத்திருக்க வேண்டாம். தடித்த தாளில் அரை அங்குல அகலம், 24 அங்குல நீளத்தில் 32 வார் வெட்டினால் 3 அங்குல உயரத்தில் ஒற்றைச் சுவர்ப் பெட்டி ஒன்று வரும். நெடுக்குக்கு ஒரு நிறம், குறுக்குக்கு இன்னொரு நிறம் எடுத்தால் எந்த வார் எங்கே போகிறதென்று பிள்ளைக்குக் குழப்பம் இராது. தாள் வழுக்கும், நான்கு மூலையும் ஏறும்வரை ஒவ்வொரு ஓரத்தையும் உடுப்புக் கிளிப்பால் கவ்வி வைக்கவேண்டும்.