பார்சிலோனாவில் வாடகை வீடு
குடும்பத்தோடு பார்சிலோனா போனால் எனக்கு ஹோட்டலை விட வாடகை வீடுதான் வசதி, பக்கத்துச் சந்தையில் தக்காளியும் ரொட்டியும் வாங்கி வந்து காலைச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளலாம். ஆனால் எஷாம்பிளா பகுதிப் பழைய கட்டடங்களில் மூன்றாம் மாடி என்று போட்டிருந்தால் அப்படியே நம்பிவிடாதீர்கள், பல இடங்களில் தரைத்தளத்துக்கு மேல் என்ட்ரெசுவெலோ, பிரின்சிபால் என்று இரண்டு தளங்களை விட்டுவிட்டு, அப்புறம்தான் ஒன்று என்று எண்ணவே ஆரம்பிப்பார்கள். லிஃப்ட் இருந்தாலும் ஓர் ஆளும் ஒரு பெட்டியும் ஏறினால் நிறைந்துவிடும். விளம்பரத்தில் எச்.யு.டி.பி. (HUTB) என்று தொடங்கும், சுற்றுலாப் பயணிகளுக்கு வீட்டை வாடகைக்கு விடுவதற்கான உரிம எண் இல்லையென்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். சுற்றுலா வரி வேறு உண்டு. வாடகை ஏறி ஊர்க்காரர்களுக்கே வீடு கிடைக்கவில்லை என்று, 10,000க்கும் மேற்பட்ட இந்த உரிமங்களை 2028 நவம்பருக்குள் ஒழிக்கப்போவதாக 2024இல் நகராட்சி அறிவித்துவிட்டது. நியாயம்தான், ஆனாலும் நாலு பேருக்கு இரண்டு ஹோட்டல் அறை எடுப்பதெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது.