32-வது நொடியில் அறுந்த அழைப்பு

எங்கள் மஞ்சள் மண்டி ஈரோட்டில், கிடங்கு பெருந்துறை ரோட்டில். ஏல நேரத்தில் மூட்டைக் கணக்கு கேட்க அப்பா கூப்பிட்டால், கிடங்கின் தகரக் கூரைக்குக் கீழே செல்போன் சிக்னல் வராது. இரண்டு இடத்திலும் ஃபைபர் இணையம் இருந்ததால், அதிலேயே உள்பேச்சுக்கு வழி செய்கிறேன் என்று நானே முன்வந்தேன். கடையில் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி இணைப்பக மென்பொருள், கூடவே நிலையான பொது ஐபி (வெளியிலிருந்து அணுகக்கூடிய, மாறாத இணைய முகவரி). கிடங்கில் இணையம் வழியாகப் பேசும் ஒரு ஐபி போன். உள் எண்கள்: கடைக்கு 101, கிடங்குக்கு 201. கடை ரூட்டரில் அழைப்புக்கான 5060-ஐயும், குரலுக்கான 10000 முதல் 20000 வரையான போர்ட்டுகளையும் (இணைய வாசல் எண்கள்) ராஸ்பெரி பைக்குத் திருப்பிவிட்டேன்.

முதல் நாளே மணி அடித்தது. அப்பா பேசியது கிடங்கில் தெளிவாகக் கேட்டது. அங்கே பேசியது இங்கே ஒரு சொல்கூட வரவில்லை. கிடங்கு அண்ணன் ரோட்டுக்கு வந்து செல்போனில் கேட்டார்: "ஏனுங்க தம்பி, நான் கத்துறது அங்க கேக்கவே இல்லீங்களா?"

மணி அடித்தால் பாதை சரி என்று நினைத்திருந்தேன். அது தவறு. மணி அடிப்பது, அழைப்பைத் தொடங்கி முடிக்கும் எஸ்ஐபி என்ற நெறிமுறையின் வேலை. குரல் ஆர்டிபி என்ற தனிப் பொட்டலங்களாக வேறு போர்ட்டில் போகும். அதை எந்த முகவரிக்கு அனுப்புவது என்பது எஸ்ஐபி செய்திக்குள்ளேயே எழுதியிருக்கும். எஸ்ஐபி செய்திகளைக் காட்டும் எஸ்என்கிரெப் என்ற கருவியில் திறந்து பார்த்தால், ஆஸ்டரிஸ்க் கொடுத்திருந்த முகவரி 192.168.1.10. அது எங்கள் கடைக்குள் மட்டும் செல்லும் முகவரி. கிடங்கு போன் நொடிக்கு 50 பொட்டலங்களைத் தன் பக்கத்திலேயே, அங்கே இல்லாத ஒரு கருவிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அப்பா குரல் மட்டும் கிடங்கில் கேட்டதற்குக் காரணம் கிடங்கு ரூட்டரில் இருந்த எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதி. எஸ்ஐபி செய்தியில் இருந்த போனின் உள் முகவரியை அது நடுவில் பொது முகவரியாக மாற்றி எழுதிக்கொண்டிருந்தது.

ஆஸ்டரிஸ்கில் எக்ஸ்டர்னல் மீடியா அட்ரஸ் என்ற இடத்தில் பொது ஐபியைக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் பேச்சு வந்தது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் கிடங்கிலிருந்து வந்த அழைப்புகள் பாதியில் அறுந்தன. கடையிலிருந்து போனவை அறுபடவில்லை. கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன்: 32 நொடி. மறுபடி 32. மூன்றாவதும் 32. லைன் சரியில்லை என்றால் இப்படி ஒரே கணக்கில் அறுபடாது. ஏதோ ஒரு டைமர்தான் முடிகிறது. மறுபடி எஸ்என்கிரெப். கடையில் போனை எடுத்ததும் ஆஸ்டரிஸ்க், அழைப்பு ஏற்கப்பட்டது என்று சொல்லும் 200 ஓகே செய்தியைக் கிடங்கு போனுக்கு அனுப்புகிறது. அதற்கு ஏசிகே என்ற, கிடைத்ததை உறுதிசெய்யும் செய்தி வர வேண்டும், வரவில்லை. அதே 200 ஓகே திரும்பத் திரும்பப் போகிறது. எஸ்ஐபியில் அடிப்படை நேரம் அரை நொடி, அதன் 64 மடங்கு வரை பொறுத்திருந்து அழைப்பை முடித்துவிடும். அதுதான் 32. பதிலை எங்கே அனுப்புவது என்ற வரியிலும் அதே 192.168.1.10! குரலுக்கு மாற்றிய நான் எஸ்ஐபி செய்திகளுக்கு மாற்றவில்லை. எக்ஸ்டர்னல் சிக்னலிங் அட்ரஸையும் கொடுத்தேன், அறுபடுவது நின்றது.

அப்புறம் ஒரு தொல்லை. மதியம் கொஞ்ச நேரம் யாரும் பேசாமல் இருந்தால், கடையிலிருந்து அழைத்தாலும் 201-இல் மணி அடிக்காது. கிடங்கு போன் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் ஆஸ்டரிஸ்கில் தன் பதிவைப் புதுப்பித்தது. கிடங்கு ரூட்டரோ இந்தப் பொட்டலங்கள் வரும் யூடிபி வழியை, பேச்சில்லாவிட்டால், அதற்கு வெகு முன்பே மூடிவிடும். வழி மூடாமல் இருக்க, போன் இருக்கிறதா என்று ஆஸ்டரிஸ்க் கேட்டுப் பார்க்கும் குவாலிஃபை இடைவெளியை 25 நொடியாக வைத்தேன். கூடவே கிடங்கு ரூட்டரில் ஏஎல்ஜியை அணைத்துவிட்டு, அந்த வேலையை ஆஸ்டரிஸ்கின் நாட் (உள் முகவரி, பொது முகவரி மாற்றம்) அமைப்புகளிடமே விட்டேன். ஒரு செய்தியை இரண்டு பேர் திருத்தினால் பிழை யாருடையது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

இதைச் செய்கிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். 5060-ஐ வெளியே திறந்துவைத்த அன்றே, முன்பின் தெரியாத ஐபிகளிலிருந்து 101-க்குக் கடவுச்சொல் முயற்சிகள் வரிசையாக ஆஸ்டரிஸ்கின் லாகில் (நிகழ்வுப் பதிவில்) வந்தன. 101 என்ற எண்ணையே கடவுச்சொல்லாகவும் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டு எண்ணுக்கும் நீளமான கடவுச்சொல் போட்டு, திரும்பத் திரும்பத் தவறாக முயலும் ஐபிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேனும் நிறுவினேன்.

சனிக்கிழமை மாலை கிடங்கு அண்ணன் 201-இலிருந்து கூப்பிட்டார். அப்பா ஒவ்வொரு லாட்டாக மூட்டைக் கணக்கைக் குறித்துக்கொண்டிருந்தார். நான் போன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். 00:31, 00:32, 00:33. அப்பா அடுத்த லாட்டைக் கேட்டார்.