கத்திரி வெயிலில் எங்கள் வளவை அளந்து பார்த்தேன்

காரைக்குடிக்கு அருகில் உள்ள எங்கள் பழைய வீட்டில் கோடையின் வெப்பத்தைக் குறித்து வைக்கும் வேலையை இந்த ஆண்டும் கத்திரி பிறந்த மே 4 அன்று தொடங்கினேன். சென்ற ஆண்டுக் குறிப்புகள் எதற்கும் பயன்படவில்லை. மேற்குச் சுவரில் மாட்டிய வெப்பமானி, காற்றின் வெப்பத்தை விட்டுவிட்டு, வெயிலில் காய்ந்த சுவரின் வெப்பத்தைக் காட்டி 47 டிகிரி வரை ஏறியிருந்தது. வானிலை நிலையங்களில் வெள்ளையடித்த, காற்று நுழையச் சாய்வுப் பலகைகள் வைத்த மரப்பெட்டிக்குள் வெப்பமானியை வைப்பார்கள். கலங்கரை விளக்கப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் வகுத்த அமைப்பு அது. கழற்றிப் போட்டிருந்த தேக்கு ஜன்னலின் பலகைகளைக் கொண்டு அப்படியொரு பெட்டி செய்து, கொல்லையில் நாலடி உயரத்தில் நிறுத்தினேன். இன்னொரு வெப்பமானி வளவில், அதாவது வீட்டின் நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும் உள்ள பகுதியில், ஒரு தூணில் இருக்கிறது.

மே மூன்றாம் வாரத்தில் ஐந்து நாள் தொடர்ந்து வெளியே 40 டிகிரியைத் தாண்டியது. முதல் நாள் பிற்பகல் வளவில் 34தான். கனத்த செங்கல் சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்கின்றன. ஆனால் வாங்கியதை இரவில் திருப்பித் தருகின்றன. பத்து மணிக்கு வெளியே 31 ஆன பிறகும் உள்ளே 33.5 இருந்தது, பகலில் குளிர்ந்து கிடந்த ஆத்தங்குடி டைல்ஸ் உள்ளங்காலில் வெதுவெதுத்தது. விடியற்கால அளவுகள் வரிசையாக 30.2, 30.9, 31.7, 32.4. ஒவ்வொரு நாளையும் வீடு முந்தைய நாளின் மிச்சச் சூட்டோடு தொடங்கியது.

சமவெளியில் பகல் உச்சம் 40 டிகிரியை எட்டி, இயல்பை விட 4.5 டிகிரியாவது கூடினால் வெப்ப அலை என்பது இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கு. வயதானவர்கள் உள்ள வீட்டில் விடியற்கால அளவையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

"ஆறு மணிக்குத் தொறந்தா வெயிலுதான்ப்பா உள்ள வரும், நாலு மணிக்கே தொறந்து விடு" என்றார்கள் அப்பத்தா. முகப்பு முதல் கொல்லை வரை வாசல் நிலைகள் நேர்கோட்டில் இருப்பதால், நான்காம் இரவு முடியும் நேரத்தில் எல்லாக் கதவுகளையும் திறந்ததும் காற்று தடையின்றி ஓடியது. ஐந்தாம் நாள் விடியலில் 31.1. ஒரு நாள் அளவை வைத்து முடிவு சொல்ல மாட்டேன். அடுத்த வெக்கையில் மூன்று நாளாவது தொடர்ந்து செய்து பார்ப்பேன். அப்பத்தா மட்டும் அன்றிரவே தம் கட்டிலை இரண்டாங்கட்டு நிலைக்கு நேராகப் போடச் சொல்லிவிட்டார்கள்.